தாழ்ப்பாள் சின்னம்

ஜூலை 1, செவ்வாய்

வங்கியில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். அடுத்த மே மாதம் ஓய்வு. அதுவரை ஒரு கறையும் படாமல் வெளியே போய்விட வேண்டும். நடப்பதை அன்றன்றே எழுதிவைத்தால், நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வசதி. ஆலடிப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் திருமலைக்கொழுந்து எந்தப் பக்கமும் சாயாதவர் என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது.

காலையில் மாவட்ட அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வகுப்பறைகளில் எந்தவிதமான அரசியல் தாக்கமும் இருக்கக் கூடாதாம். இல்லை என்று தலைமை ஆசிரியர் சான்று தர வேண்டுமாம். படித்த உடனேயே பள்ளியைச் சுற்றிவந்தேன். பின்பக்கச் சுவரில் ஓவிய ஆசிரியர் வரைந்த இயற்கைக் காட்சி இருக்கிறது. அதில் சூரியன், இலை, குளத்தில் பூ, கையை ஆட்டும் ஒரு விவசாயி. இத்தனை நாள் இதை நான் கவனிக்கவேயில்லை. எல்லாவற்றையும் வெள்ளையடிக்கச் சொன்னேன். இப்போது ஒரு மலையும் இரண்டு காக்காயும் மிச்சம். காக்காய் கறுப்பாக இருக்கிறது. அதைப் பற்றி நாளை யோசிக்க வேண்டும்.

மாலையில் சமூக அறிவியல் ஆசிரியை மரியபுஷ்பம் வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் எட்டு வருடம் தனியாகக் கிடந்துவிட்டு, போன வருடம்தான் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கி வந்தவர். கணவரும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் இங்கேதான். நன்றாகப் பாடம் நடத்துவார். அதுதான் கொஞ்சம் தொந்தரவு.

"சார், ஒன்பதாம் வகுப்புல தேர்தல் பாடம் வருது. வகுப்புத் தலைவரத் தேர்தல் வச்சே எடுக்கலாமான்னு பாக்கேன்."

"வழக்கமா நான்தான டீச்சர் சொல்லுவேன்?"

"ஆமா சார். நீங்க வரிசையில உயரமா நிக்கவனப் பாத்துச் சொல்லிருதிய."

உயரம் நியாயமான அளவுகோல். எந்தக் கட்சிக்கும் அது சொந்தமில்லை. ஆனால் அவர் பாடப்புத்தகத்தையே கொண்டுவந்து செயல்பாடு என்று போட்டிருப்பதைக் காட்டினார். புத்தகத்தில் இருப்பதை மறுத்தால் அதுவே அரசியலாகிவிடும். சரி என்றேன்.

ஜூலை 2, புதன்

கடைத்தெருவில் கரையில்லாத வேட்டி ஒன்று வாங்கினேன். இந்த ஊரில் இரண்டு கட்சி. பெயர்களை இதில் எழுத மாட்டேன். ஒரு கட்சிக்காரர்களின் வேட்டியில் ஒற்றைக் கரை, மற்றவர்களுக்கு இரட்டைக் கரை. இனி அப்படியே குறிப்பிடுவேன்.

கட்டிப் பார்க்கும்போது மனைவி செண்பகவல்லி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு செத்துப்போனா? துட்டி வீட்டுக்குப் போறவிய மாதிரி நிக்கிய?"

சுற்றறிக்கையைப் பற்றி விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்குப் பேண்ட் போட்டுட்டுப் போனா என்ன?"

அது எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். கார்முகிலன், ஒற்றைக்கரை வார்டு உறுப்பினர் அய்யாக்குட்டியின் மகன். ரூபிகா, இரட்டைக்கரைப் பேரூர்ச் செயலாளர் மாவுமில் பொன்னுத்துரையின் மகள். மூன்றாவது முப்பிடாதி. அப்பா கிடையாது, அம்மா பீடி சுற்றுகிறார். கட்சியில்லாத குடும்பம். நிம்மதியாக இருந்தது.

ஆளுக்கொரு சின்னம் வேண்டுமாம். பட்டியலை என்னிடம் அனுப்பச் சொல்லிவிட்டேன். பூ, காய், பழம், மரம், மிருகம், வாகனம், வானத்தில் தெரிவது, உடம்பில் இருப்பது எதுவும் கூடாது என்றேன். "அப்பம் என்னதான் சார் மிச்சம்?" என்றார் மரியபுஷ்பம். பென்சில் பெட்டிக்குள் இருப்பதைப் பாருங்கள் என்றேன். கார்முகிலனுக்கு ஸ்கேல், ரூபிகாவுக்கு ரப்பர் என்று முடிவானது. முப்பிடாதி தாழ்ப்பாள் கேட்டிருந்தாள். தாழ்ப்பாள் எந்தக் கட்சிக்கும் சின்னமில்லை என்று கணினி ஆசிரியரை விட்டு ஒருமுறைக்கு இருமுறை பார்க்கச் சொல்லி, உறுதி செய்துகொண்டு கையெழுத்திட்டேன்.

அந்தக் குழந்தைக்கு ஏன் தாழ்ப்பாள் தோன்றியது என்று யோசித்தேன். வீட்டில் ஏதாவது திருட்டுப் போயிருக்கலாம். பாவம்.

ஜூலை 5, சனி

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. தெருக்குழாயிலிருந்து நானே குடம் சுமந்தேன். அய்யாக்குட்டி பார்த்துவிட்டு, "சார், ஆள் அனுப்பட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பிறகு பொன்னுத்துரை அண்ணாச்சி பார்த்துவிட்டு அதையே கேட்டார். அவரிடமும் வேண்டாம் என்றேன். நடுநிலை காக்கப்பட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூலை 7, திங்கள்

பிரார்த்தனைக் கூட்டத்தில் என் வழக்கமான திங்கட்கிழமை உரை. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பது நல்ல பிள்ளைக்கு அழகல்ல, மேலே இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதுதான் இந்த வாரத் தலைப்பு. போன வாரமும் கிட்டத்தட்ட அதுதான். நல்ல கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பிரச்சாரம் தொடங்கிவிட்டது. கார்முகிலன் பேனா கொடுக்கிறான். பேனாவில் அவன் படம் இல்லை, அய்யாக்குட்டியின் படம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் ரூபிகா தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டாள். பாட்டிலில் பொன்னுத்துரை அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். கார்த்திகையில் பேரூராட்சித் தேர்தல் வருமென்று பேச்சு. அதற்கு ஒத்திகை என் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது என்று இப்போதுதான் விளங்கியது. இருவரையும் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். ஆனால் யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் சிக்கல் இருப்பதால் கூப்பிடவில்லை.

கடைசிப் பீரியடில் வேட்பாளர்கள் பேசினார்கள். வராந்தாவில் நின்று கேட்டேன். கார்முகிலன் தன் அப்பா ஊருக்குப் போட்ட தார் ரோட்டைப் பற்றிப் பேசினான். ரூபிகா அந்த ரோடு மழையில் போய்விட்டதைப் பற்றிப் பேசினாள். முப்பிடாதி எழுந்து நின்றாள். பேப்பர் எதுவும் கையில் இல்லை.

"பொம்பளப் பிள்ளைய கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்ல. போன வருசமே இல்ல. ஒவ்வொருத்தியும் கூட்டாளியக் கூட்டிட்டுப் போயி கதவப் புடிக்கச் சொல்லுதோம். பாதிப் பேரு காலையில இருந்து தண்ணியே குடிக்கதில்ல. ரூபிகா பாட்டில் குடுத்தா. குடிச்சா எங்க போறது? நான் ஜெயிச்சா தாழ்ப்பாள் போடுத வரைக்கும் ஹெச்.எம். சார் ரூம் வாசல்ல தெனமும் போய்க் கேப்பேன். அவ்வளவுதான்."

பெண் பிள்ளைகள் கைதட்டினார்கள். ரூபிகாவும் தட்டினாள். பிறகு தன் கையைத் தானே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விஷயம் கோப்பில் இருக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதைப் போய்த் தேர்தலில் பேசலாமா? பொறுப்பில் இருப்பவருக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டிவிடுவதுதானே அரசியல்? பதினான்கு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் தானாகத் தோன்றுமா? நான் யாரையும் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

யோசனை கேட்பதற்காக மட்டும் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் வகுப்பில் அரசியலைத் தூண்டுவதாக வைத்துக்கொண்டால் என்ன செய்வது வழக்கம் என்று பொதுவாகக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. எந்தப் பாடம் என்று கேட்டார்கள், சமூக அறிவியல் என்றேன். எங்கள் பள்ளியில் சமூக அறிவியலுக்கு ஒரே ஆசிரியைதான் என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

டவர் சரியாகக் கிடைக்காததால் பள்ளியில் என் அறை ஜன்னலோரம் நின்று கொஞ்சம் உரக்கப் பேசவேண்டியிருந்தது. தொண்டை கட்டிக்கொண்டது. செண்பகவல்லி மிளகு ரசம் வைத்தாள்.

ஜூலை 9, புதன்

என் அறைக்கு அடுத்திருக்கும் ஒன்பதாம் வகுப்பு இன்று வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. நல்ல மாற்றம்.

ஜூலை 10, வியாழன்

வாக்குப்பதிவு. மரியபுஷ்பம் அட்டைப் பெட்டியில் துளை போட்டு, பழைய சேலையால் மறைப்புக் கட்டி, விரலில் பேனா மை வைத்து, நிஜமான வாக்குச்சாவடி மாதிரியே செய்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் மறைப்புக்குள் போகும்போது அவர்கள் முகத்தில் ஒரு கௌரவம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வெளியே வரும்போது ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் என்று தெரியவில்லை.

எண்ணும்போது நான் மேற்பார்வை. முப்பிடாதி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். வகுப்பில் எல்லோரிடமும் அய்யாக்குட்டி பேனா இருக்கிறது, எல்லோரிடமும் பொன்னுத்துரை பாட்டில் இருக்கிறது. பாதிப் பேர் அந்தப் பேனாவாலேயே தாழ்ப்பாளுக்கு நேராக டிக் போட்டிருக்கிறார்கள்.

முதலில் ரூபிகா அழுதாள். பிறகு முப்பிடாதியின் தோளில் சாய்ந்து அழுதாள். கார்முகிலன் மட்டும் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தான். "இனிமே அப்பா ரோட்டப் பத்தி மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டாவல்லா டீச்சர்?" என்று கேட்டான்.

ஜூலை 11, வெள்ளி

முப்பிடாதி காலையில் என் அறை வாசலில் நின்று, "சார், தாழ்ப்பாள்" என்றாள். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். "நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் அய்யாக்குட்டியும் பொன்னுத்துரையும் வந்தார்கள். ஒரே பைக்கில். இந்த ஊரில் நான் இதுவரை பார்க்காத காட்சி. பேரூராட்சிக் கூட்டத்தில் ஒருவர் மைக்கை இன்னொருவர் பிடுங்குபவர்கள்.

"சார், அந்தச் சமூக அறிவியல் டீச்சர் இவிய கட்சி. எம் பையனத் திட்டம் போட்டுத் தோக்கடிச்சிருக்காவ" என்றார் அய்யாக்குட்டி, பொன்னுத்துரையைக் கையால் காட்டி.

"அவிய எங்க கட்சின்னா எம் மக எப்படிய்யா தோத்தா? டீச்சர் உங்க கட்சி."

"சரி, அதப் பொறவு பேசுவோம். ரெண்டு பேருக்கும் அந்த டீச்சர் வேண்டாம், அம்புட்டுதான். சார், நீங்க மேல எழுதிப் போடுங்க."

"மேல..." என்று இழுத்தேன். "அதெல்லாம் மேல போயாச்சு" என்று வாய்வரை வந்தது. இருமல் வந்துவிட்டதால் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரே கடையில், ஒரே அளவு.

ஜூலை 14, திங்கள்

குறிப்பாணை வந்துவிட்டது. வாய்மொழிப் புகாரின் பேரில், வகுப்பறையில் அரசியல் கருத்துகளைப் பரப்பியதாக ஆசிரியை மரியபுஷ்பம் மீது விசாரணை. மாவட்டக் கல்வி அலுவலர் உலகம்மாள் மேடம் புதன்கிழமை நேரில் வருகிறார். நிரூபிக்கப்பட்டால் மாவட்டம் விட்டு மாறுதல் என்று ஒரு வரியும் இருந்தது. யோசனை கேட்டதற்கு இவ்வளவு வேகமாக யாராவது பதில் அனுப்புவார்களா? போன வருடம் நாற்காலி கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை.

மரியபுஷ்பத்திடம் நானே கொடுக்க வேண்டியிருந்தது. நின்றபடியே படித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"திரும்பக் கிருஷ்ணகிரியா சார்?"

"அப்படியெல்லாம் ஆகாது டீச்சர்."

"எம் மக என்ன இப்பதான் அம்மான்னு ஒட்டிக்கிடுதா. இத்தன நாள் போன்ல வாரவளாத்தான் என்னத் தெரியும் அவளுக்கு." காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "யாரு சார் புகார் குடுத்தது?"

"தெரியலையே டீச்சர். இந்தக் காலத்துல யார நம்ப முடியுது?"

என்னையே பார்த்தார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வாழைப்பூப் பொரியல். எனக்குப் பிடித்ததுதான்.

இன்னொன்று. சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. மரியபுஷ்பம் பஸ் பிடிக்கப் போய்விட்டார். உள்ளே பிள்ளைகள் மட்டும் ஏதோ காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு நெருங்குகிறது, படிக்கிறார்கள்போல.

ஜூலை 15, செவ்வாய்

கல்வி வளர்ச்சி நாள் விழா. ஒற்றைக்கரையும் இரட்டைக்கரையும் ஒரே மேடையில் உட்கார்ந்து, ஒரே படத்துக்கு மாலை போட்டார்கள். கேசரியில் முந்திரி நிறைய. முப்பிடாதி கேசரித் தட்டோடு வந்து, "சார், தாழ்ப்பாள்" என்றாள்.

ஜூலை 16, புதன்

விசாரணை.

உலகம்மாள் மேடம் எளிமையானவர். காட்டன் சேலை, காலில் ரப்பர் செருப்பு. ஆனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும்போது நாமே ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று தோன்றுகிறது. முதலில் அய்யாக்குட்டியையும் பொன்னுத்துரையையும் விசாரித்தார். டீச்சர் அந்தக் கட்சி என்றார் இவர். இந்தக் கட்சி என்றார் அவர். மேடம் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, "ரெண்டு பேரும் வெளிய போயி ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்க" என்றார். அவர்கள் வேப்ப மரத்தடியில் நின்று சத்தம் போடத் தொடங்கினார்கள். கடைசிவரை திரும்ப வரவில்லை.

பிறகு ஒன்பதாம் வகுப்பு. நானும் பின்னால் நின்றேன். மரியபுஷ்பத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"உங்க டீச்சர் எந்தக் கட்சி?" என்று மேடம் கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து, "கேட்டோம் மேடம். சொல்ல மாட்டேன்னுட்டாவ" என்றான்.

"தேர்தலுக்கு யாராவது ஏதாவது குடுத்தாங்களா?"

"அய்யாக்குட்டி மாமா பேனா குடுத்தாவ. பொன்னுத்துரை மாமா பாட்டில் குடுத்தாவ. டீச்சர் ஒண்ணும் குடுக்கல மேடம். ஒரு சாக்லேட் கூட" என்றாள் முன்வரிசைச் சிறுமி. குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"சரி. இந்த ஸ்கூல்ல யாராவது உங்ககிட்ட, இப்படித்தான் நினைக்கணும், இவங்க சொன்னாத்தான் கேக்கணும்னு சொல்லியிருக்காங்களா?"

எல்லாக் கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தது.

"யாரு?"

"ஹெச்.எம். சார்!"

"என்ன சொல்லுவாரு?"

மொத்த வகுப்பும் பாட்டு மாதிரி ஒப்பித்தது. "ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது, மேல இருக்கவங்களுக்குத் தெரியும்!"

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார். நல்ல கருத்து என்பதால் இருக்கலாம்.

பிறகு மேடம் கழிவறை எங்கே என்று கேட்டார். ஆசிரியைகளுக்கான அறையில் தண்ணீர் வரவில்லை. மாணவிகளுக்கான இடத்துக்கு முப்பிடாதி அழைத்துப் போனாள். நான் மரியாதையான தூரத்தில் நின்றேன். ஆனால் அந்தக் கட்டடத்தின் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. அதனால் எல்லாம் கேட்டது.

"நீங்க போங்க மேடம். நான் கதவப் புடிச்சிக்கிடுதேன்."

"ஏன், தாழ்ப்பாள் இல்லியா?"

"இல்ல மேடம். நாங்க எப்பவும் ரெண்டு ரெண்டு பேராத்தான் வருவோம்."

பிறகு உள்ளிருந்து மேடத்தின் குரல் கேட்டது.

"நீதான் ஜெயிச்ச பொண்ணா?"

"ஆமா மேடம்."

"இதச் சொல்லச் சொல்லி டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இதுக்கு எதுக்கு மேடம் சொல்லிக் குடுக்கணும்?"

"டீச்சர் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு பெத்த அம்மா கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னாவ. எங்கம்மா கேட்டா. நான் எனக்குத்தான் போட்டேன். ஆனாலும் சொல்லல. அடி வாங்குனேன்."

"கதவ விட்டுறாத பிள்ள."

"விட மாட்டேன் மேடம்."

விசாரணை அலுவலர் கதவுக்கு உள்ளேயும் சாட்சி கதவுக்கு வெளியேயும் இருந்து நடக்கும் விசாரணைக்கு விதிகளில் இடமுண்டா என்று தெரியவில்லை. கேட்கும் துணிவும் எனக்கு இல்லை.

திரும்பி வந்த மேடம் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு நாளா இல்ல?"

"கோப்பு நகர்ந்துட்டு இருக்கு மேடம்."

"கதவுதான் நகருது சார்."

காரில் ஏறும்போது, "புகார் குடுத்தவரு இந்த ஸ்கூலப் பத்தி ரொம்ப அக்கறையா இருக்கிறவருபோல. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தேடிட்டு இருக்கோம் மேடம்" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

கடைத்தெருப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது, ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். நேற்றைய விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பள்ளி விட்ட பிறகு நானே திருகாணி முடுக்கினேன். உள்ளங்கை கன்றிவிட்டது. ஆனால் வேலை கச்சிதம்.

கொஞ்ச நேரத்தில் முப்பிடாதி பையோடு வந்து பார்த்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

"சார், இது உள்பக்கம் மாட்டணும்."

கதவின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன்.

"வெளிப்பக்கம் மாட்டுனா உள்ள போனவ வெளிய வர முடியாது சார்."

கழற்றி மறுபடியும் மாட்டினோம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அதில் அவளுக்குப் பழக்கம் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

மேடம் போனில் சொல்லிவிட்டார். புகாரில் ஆதாரமில்லை, மரியபுஷ்பம் இங்கேயே இருப்பார், ஆணை பிறகு வரும். வகுப்பறையில் கருத்துத் திணிப்பு பற்றித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கப்போகிறதாம். என் பெயரை முதலில் சேர்த்திருக்கிறாராம். கௌரவம்தான்.

மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே வெளியே போய் வீட்டுக்குப் போன் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்வோமே என்று, "எவன் புகார் குடுத்தானோ, அவன் இனிமேலாவது திருந்தட்டும் டீச்சர்" என்றேன்.

"நீங்கதான சார் குடுத்திய?"

மேஜைமேல் இருந்த கோப்புகளை நேராக அடுக்கத் தொடங்கினேன்.

"சார், நீங்க ஜன்னல்ல நின்னு போன் பேசுனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். அன்னைக்கு நான் பக்கத்து வகுப்புலதான் பாடம் எடுத்துட்டு இருந்தேன். போர்டுல எழுதிட்டே நின்னேன். என்ன எழுதுனேன்னு எனக்கே தெரியல."

"அப்பம்... பிள்ளைகளுக்கு?"

"மொத்த வகுப்புக்கும் தெரியும் சார்."

நேற்று முன்தினம் அந்த வகுப்பின் பின்னால் நான் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு கைகூட அந்தப் போனைப் பற்றி உயரவில்லை.

"பிள்ளைக ஏன் டீச்சர் மேடத்துகிட்ட சொல்லல?"

"ஏன் சொல்லலன்னு எனக்கே நேத்துதான் தெரிஞ்சிது. திங்கக்கிழம சாயங்காலம் நான் போன பொறவு முப்பிடாதி கதவச் சாத்திட்டுக் கூட்டம் போட்டிருக்கா. ஹெச்.எம். சாரு பேர மேடத்துகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு. ஒரு பக்கம், டீச்சர் மாட்டிக்கிட்டு முழிக்காவ, சொல்லியே ஆகணும்னு. இன்னொரு பக்கம், டீச்சர் தப்புப் பண்ணலன்னு நாமளே சொல்லிருவோம், அதுக்கு சார ஏன் மாட்டிவிடணும்னு. கார்முகிலன் எந்திச்சு, சாரு கெட்டவரு இல்லடே, பயந்தவருன்னு பேசிருக்கான்."

"அவனா?"

"எங்கப்பா பயந்தவரு இல்ல, அதுக்கு சாரே தேவலன்னும் சொன்னானாம்."

இதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"முடிவு எப்படி டீச்சர் எடுத்தாங்க?"

"ஓட்டுப் போட்டுத்தான் சார். அந்த அட்டப் பெட்டியையே வச்சிருக்காவ. விரல்ல மையும் வச்சிருக்காவ. மறைப்புச் சேலைதான் நான் கொண்டு போயிட்டேன். அதனால எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு எழுதிருக்காவ."

"எவ்வளவு வித்தியாசம்?"

"ரொம்பக் கொஞ்சம் சார். நீங்க நூலிழையில தப்பிச்சிய."

"முப்பிடாதி எந்தப் பக்கம் போட்டா?"

மரியபுஷ்பம் முதல் தடவையாகச் சிரித்தார். "ரகசிய வாக்கெடுப்பு சார். எங்கிட்டயே சொல்ல மாட்டேன்னுட்டா."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "டீச்சர்..." என்றேன். அவர் காத்திருந்தார். அதற்கு மேல் வரவில்லை. மணி அடித்துவிட்டது. "பாடம் இருக்கு சார்" என்று எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். வாசலில்தான் அந்த ஒரு வார்த்தை வந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். இந்த ஒன்று மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. "சரி சார்" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

செண்பகவல்லி இரண்டு தடவை என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அரிசி களைந்து கொடுத்தேன், பரணில் இருந்த அண்டாவை இறக்கிக் கொடுத்தேன், கேட்காமலேயே முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன். "என்ன தப்புப் பண்ணிய?" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

வழக்கமாக நான் மணி அடித்த பிறகுதான் அறையிலிருந்து வெளியே வருவேன். இன்று சீக்கிரமே போய்ப் பள்ளி வாசலில் நின்றேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். "வணக்கம் சார்", "வணக்கம் சார்." எல்லோரும் எப்போதும்போல்தான் சொன்னார்கள். நான்தான் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தேன். இது எனக்கு விழுந்த ஓட்டா, எதிராக விழுந்த ஓட்டா? குடையோடு வந்த பெண்ணா? சட்டைப் பொத்தான் இல்லாத அவனா? கண்டுபிடிக்கவே முடியவில்லை. ரூபிகா தலையைக் குனிந்தபடி போனாள். அது வெட்கமா, கோபமா? முப்பிடாதி நேராக நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் அம்மா அடித்ததில் எனக்கு இப்போது ஆச்சரியமில்லை.

முப்பது வருட உத்தியோகத்தில் பிள்ளைகளின் வணக்கத்துக்குத் தலையை மட்டும்தான் அசைத்திருக்கிறேன். இன்று யார் எந்தப் பக்கம் என்று தெரியாததால் ஒருவரையும் விட முடியவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆறாம் வகுப்புப் பொடிசு உட்பட, இரண்டு கையையும் கூப்பி, சிரித்த முகத்தோடு, வணக்கம் சொன்னேன்.